தேதி அடிக்காத டைப்பிஸ்ட்

லண்டன் படிப்புக்கு விசா வருமுன்பே கம்பளிக் கோட்டு தைத்து, சித்திரை வெயிலில் அதை மாட்டிக்கொண்டு தேனி கடைவீதியில் வலம் வந்த மடையன் நான்.

என் மனுக்களை அடித்துத் தந்தவர் ஒல்லியான டைப்பிஸ்ட். கண்ணாடியின் ஒரு பக்கத்தை நூலால் காதில் கட்டியிருப்பார். விசா மனு என்றால் தேதிக்கு மட்டும் இடம் விட்டுவிடுவார். "தபால்ல போடுறதுக்குள்ள ரூல மாத்திப்புடுறாக," என்பார். நான் சிரிப்பேன்.

முதலில் விசா ஆபீஸில், செலவுக்கு மாமாவின் ஜாமீன் கடிதம் போதும் என்றார்கள். பிறகு முழுக் கட்டணமும் முன்கூட்டியே கட்டச் சொன்னார்கள். அப்பா தென்னந்தோப்பை விற்றுக் கட்டினார். அதன் பிறகு, அந்தப் படிப்புக்கே இனி விசா கிடையாது என்று கடிதம் வந்தது.

"இன்னொரு மனு போடுவோம்ணே. இந்த வாட்டி தேதியையும் அடிச்சிருங்க."

அவர் கடிதத்தை மடித்து என்னிடமே நீட்டினார்.

"கோட்ட வித்துருங்க தம்பி."