முகமுள்ள தாள்கள்

தாயில்பட்டியில் குழாய் உருட்டும் பெண்களுக்குப் பஞ்சமில்லை. வாசலில் பலகையைப் போட்டு, பசைக் கிண்ணத்தைப் பக்கத்தில் வைத்து, பழைய தாளைக் கம்பியில் சுற்றித் தள்ளினால் வெடிக்கு ஒரு குழாய் ஆயிற்று. வெடிமருந்து செலுத்துவது பட்டாசுக் கம்பெனியில்; உருட்டுவது மட்டும் வீட்டில். சோலையம்மாளின் கைவேகத்துக்குத் தெருவில் ஈடு கிடையாது. அவளுடைய வாய்க்கும் கிடையாது. அவளிடம் வாயைக் கொடுத்துவிட்டு முழுசாகத் திரும்பியவர் யாரும் அந்த ஊரில் இல்லை.

அப்படிப்பட்ட கெட்டிக்காரியை ஒரு விஷயத்தில் மட்டும் ஊரே பைத்தியம் என்றது. முகம் இருக்கிற தாளை அவள் உருட்ட மாட்டாள்.

விருதுநகர் குடோனிலிருந்து பழைய தாள் கட்டுகளை மொபெட்டில் கொண்டுவந்து போடுபவன் முனியராஜ். கட்டைப் பிரித்தால் உலகமே உள்ளே கிடக்கும். பள்ளிக்கூடத்து விடைத்தாள், கோயில் கொடைவிழா நோட்டீஸ், மிளகாய் மண்டிக் கணக்கு, நாடக விளம்பரம், கல்யாணப் பத்திரிகை, யாரோ வேலைக்குப் போட்ட விண்ணப்பம், என்றைக்கோ ரங்கூனிலிருந்து வந்த கடிதம். மற்ற பெண்கள் எதையும் பார்க்காமல் கிழித்து உருட்டிக்கொண்டே போவார்கள். சோலையம்மாள் ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்ப்பாள். ஒட்டின போட்டோவோ, அச்சடித்த முகமோ இருந்தால் அந்தத் தாள் கட்டிலுக்கு அடியில் இருக்கும் தகரப்பெட்டிக்குப் போய்விடும்.

"அக்கா, இப்படி எடுத்து வச்சிட்டா கம்பெனிக்கு நான் என்னத்தச் சொல்ல?" என்று முனியராஜ் தலையைச் சொறிவான்.

"சோலை முகத்தை வெடிக்க மாட்டேங்கான்னு சொல்லு. போலே."

ஆரம்பத்தில் செய்தித்தாளில் வரும் முகங்களையும் சேர்த்துத்தான் எடுத்து வைத்தாள். வீட்டில் கால் நீட்டிப் படுக்க இடமில்லை என்று மகன் மாரீஸ்வரன் சண்டை போட்ட பிறகு, செய்தித்தாளில் இருக்கிறவன் ஆயிரம் வீட்டில் இருப்பான், ஒன்று போனால் குடிமுழுகிவிடாது என்று தனக்குத் தானே சலுகை கொடுத்துக்கொண்டாள். ஒருமுறை தேர்தல் நோட்டீஸ் ஒன்று தாள் கட்டுக்குள் வந்தது. ரோடு போடுகிறேன் என்று கும்பிட்டுவிட்டுப் போய் அப்புறம் தலைகாட்டாத ஆள். அவனை உருட்டுவதா விடுவதா என்று ஒரு பகல் முழுக்க யோசித்தாள். அவனுக்கும் பெண்டாட்டி பிள்ளை இருக்கும் என்று முணுமுணுத்துக்கொண்டு பெட்டியில் போட்டாள்.

இதற்கெல்லாம் காரணம் இல்லாமல் இல்லை. அவள் புருஷன் சின்னச்சாமி, மாரீஸ்வரன் தவழ்கிற வயதில், ஒரு கம்பெனியின் மருந்து அறை தீப்பிடித்ததில் போய்ச் சேர்ந்தான். வீட்டில் அவனுக்கு ஒரு போட்டோ கிடையாது. கரிசல்காட்டில் பருத்தி எடுத்துப் பிழைத்த இரண்டு குடும்பங்கள். கோயிலில் தாலி கட்டி, சோறு போட்டுக் கல்யாணத்தை முடித்துவிட்டார்கள். இருந்த ஒரே போட்டோ கம்பெனி அட்டையில் ஒட்டியது. அது அவன் சட்டைப்பையில் இருந்தது.

அவனுடைய நடை அவளுக்கு ஞாபகம் இருந்தது. இருமல் ஞாபகம் இருந்தது. சாப்பிட்ட கையைத் துடைக்காமல் மகனைத் தூக்கிக் கொஞ்சுவது கூட அப்படியே இருந்தது. முகம் மட்டும் நழுவிப் போகும். கண்ணை மூடினால் மீசை வரும், மூக்கு வரும். ஒன்று சேர்ப்பதற்குள் கலைந்துவிடும். அடுத்த வீட்டுக்காரிகள் சுவரில் மாலை போட்ட படத்தைப் பார்த்து அழுதார்கள். இவளுக்கு அழுவதற்குக் கூட ஒரு முகம் இல்லை. அந்த ஆற்றாமையில்தான் யார் யார் முகத்தையோ பொத்திப் பொத்தி வைத்தாள். தேடுகிறவர்கள் எங்காவது இருப்பார்கள் என்று நம்பினாள்.

மருமகள் அழகுமீனா வந்த பிறகு வீடு கலகலப்பானது. மாமியாருக்கு ஏற்ற வாயாடி. இரண்டு பேரும் பேச ஆரம்பித்தால் மாரீஸ்வரன் திருத்தங்கல் அச்சாபீஸுக்குக் கொஞ்சம் முன்னதாகவே கிளம்பிவிடுவான். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, அழகுமீனா மருந்து செலுத்தும் அறைக்கு வேலைக்குப் போகும்வரை. சோலையம்மாள் கத்திப் பார்த்தாள், சாப்பிடாமல் கிடந்து பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. அதிலிருந்து சாயங்காலம் கம்பெனி பஸ் வரும் நேரமானால் அவள் கை தானாக நின்றுவிடும். பஸ்ஸிலிருந்து மருமகள் இறங்குவதைக் கண்ணால் கண்ட பிறகுதான் அடுத்த குழாய்.

இரண்டாயிரத்து ஏழாம் வருஷம், தீபாவளி சீசன் சூடு பிடித்த நேரம், தகரப்பெட்டியில் கரையான் ஏறிவிட்டது. அடியில் கிடந்த ஒரு பள்ளிக்கூடத்துக் குரூப் போட்டோவில் பிள்ளைகள் பாதிப்பேருக்குத் தலை இல்லை. சோலையம்மாள் அதை மடியில் வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். நெருப்பிலிருந்து காப்பாற்றியதைப் பூச்சி தின்றுவிட்டதே என்று அவளுக்குப் பொறுக்கவில்லை.

முனியராஜ்தான் வழி சொன்னான். பழைய தாள் தேடிக் குடோன் குடோனாக அலைகிற ஒரு அம்மா, பல்கலைக்கழகத்தில் வேலை, பெயர் ஞானசுந்தரி. "அவுக எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்தி வைக்காகளாம் அக்கா. வரச் சொல்லட்டா?"

அடுத்த வாரம் ஞானசுந்தரி வந்தார். தோளில் கனத்த பை, கையில் கேமரா, வெயிலில் சிவந்த முகம். முறத்தில் காய்ந்துகொண்டிருந்த குழாய்களை மிதிக்காமல் தாண்டி வந்து தரையிலேயே உட்கார்ந்தார். அதிலேயே சோலையம்மாளுக்கு ஆளைப் பிடித்துவிட்டது.

"டீச்சர், மோர் சாப்பிடுதீகளா?"

"குடுங்கக்கா. நான் டீச்சர் இல்ல."

"கண்ணாடி போட்டிருக்கீகளே. டீச்சர்தான்."

பெட்டியைத் திறந்தார்கள். ரங்கூன் கடிதத்தையும் அதில் ஒட்டியிருந்த குடும்பப் படத்தையும் பார்த்து ஞானசுந்தரி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மறுபடி முதலிலிருந்து படித்தார். நாடக நோட்டீஸை வெளிச்சத்தில் பிடித்து ரசித்தார். பல்கலைக்கழகத்தில் ஓலைச்சுவடியும் இருக்கிறது, பேச்சுப் பதிவு செய்த கேசட்டும் இருக்கிறது, பஸ் டிக்கெட்டும் தீப்பெட்டிப் படமும் கூட இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே வேண்டியதை வலப்பக்கம் அடுக்கினார். இடப்பக்கம் ஒரு குவியல் வளர்ந்தது. எல்லாம் விண்ணப்பத்தாளிலிருந்து உதிர்ந்த சின்னச் சின்னப் போட்டோக்கள்.

"அதுகள ஏன் ஒதுக்குதீக?"

"யாருன்னு தெரியலக்கா. பேர் இல்ல, ஊர் இல்ல. எல்லாத்தையும் அள்ளிப் போட்டா, நாளைக்குத் தேடி வர்ற ஆளுக்கு எதையும் எடுத்துக் குடுக்க முடியாது." ஞானசுந்தரி மழுப்பவில்லை, உள்ளதைச் சொன்னார்.

சோலையம்மாளுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அதில் நியாயம் இருப்பது தெரிந்தது. இடப்பக்கத்துக் குவியலை எடுத்துத் தன் முந்தானையில் கொட்டிக்கொண்டாள்.

"இதுக என்கிட்டயே இருக்கட்டும். கரையானை நான் பாத்துக்கிடுதேன். அது சரி, உங்க இடத்துல தீப்பிடிச்சா?"

ஞானசுந்தரி இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. கம்ப்யூட்டரில் ஏற்றியதில் ஒரு பிரதி பல்கலைக்கழகத்தில், இன்னொன்று சென்னையில், மூன்றாவது வேறொரு ஊரில் என்று நிதானமாக விளக்கினார். "ஒரு இடம் எரிஞ்சாலும் இன்னொரு இடத்துல இருக்கும்க்கா."

"அப்ப முகம் போகாது?"

"போகாது."

சோலையம்மாள் வலப்பக்கத்து அடுக்கைத் தூக்கி ஞானசுந்தரியின் முன்னால் நகர்த்தி வைத்தாள்.

"டீச்சர், வலப்பக்கம் இருக்கது அம்புட்டையும் எடுத்துக்கிடுங்க. எனக்குக் கைமாறா ஒண்ணு செய்யணும். என் மருமகளை உங்க கம்ப்யூட்டர்ல ஏத்தி வைங்க."

"கல்யாண ஆல்பம் இருக்குல்லக்கா?"

"அதுல இருக்கது பியூட்டி பார்லர்காரி செஞ்ச பிள்ளை. ஓட்டு அட்டையில இருக்கது பேய். ரெண்டும் எங்க அழகுமீனா இல்ல. எனக்கு அவ வேலை முடிஞ்சு வருவாளே, அந்த முகம் வேணும்."

ஞானசுந்தரி தயங்கினார். "நாங்க பழசைத்தான் சேர்க்குறோம்க்கா. இன்னைக்கு எடுத்த போட்டோவை..."

"அவளும் பளசாகணும்னுதான் கேக்கேன்." சோலையம்மாள் முந்தானையில் கிடந்த போட்டோக்களை ஒரு கை அள்ளிக் காட்டினாள். "எம் புருஷன் முகம் எனக்கு மறந்துபோச்சு டீச்சர். மகன் கேட்டான், என்னால சொல்ல முடியல. இவளுக்கு அப்படி ஒண்ணு வரக்கூடாது. வந்தாலும் முகமாவது எங்கனயாவது இருக்கணும்."

ஞானசுந்தரி கேமராவைப் பையிலிருந்து எடுத்தார்.

பஸ் வந்தது. அழகுமீனா இறங்கினாள், பின்னாலேயே மற்ற பெண்களும் இறங்கினார்கள். நெற்றியிலும் கைகளிலும் மருந்தில் கலக்கும் அலுமினியப் பவுடர் வெள்ளி பூசினது போல மின்னியது. விஷயம் கேள்விப்பட்டதும் தெருவில் ஒரே கலவரம். ஒருத்தி முகம் கழுவ ஓடினாள். ஒருத்திக்குப் பூ வேண்டுமாம். சோலையம்மாள் குறுக்கே நின்று மறித்தாள்.

"ஏட்டி, யாரும் மூஞ்சி கழுவக் கூடாது. இப்படியே வாங்க."

"அத்தே, இந்தக் கோலத்துலயா? கம்ப்யூட்டர்ல பாக்கிறவுக பயந்துக்கிட மாட்டாகளா?" என்றாள் அழகுமீனா.

"பயந்தா பயப்படட்டும். நில்லு தாயி."

மருமகளை மட்டும் எடுக்கச் சொன்னது எப்படியோ எல்லாரையும் எடுப்பதாக ஆகிவிட்டது. வெள்ளைத்தாய் என்கிற பெரியவள், எனக்கும் ஒண்ணு என்று முதலில் வந்து நின்றாள். அப்புறம் யாரும் கேட்கவே இல்லை. ஒவ்வொருத்தியாக வந்து வெளிச்சத்தில் நின்றார்கள். சிரித்துக்கொண்டே வந்தவர்கள் கேமராவுக்கு முன்னால் வந்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்கள். கடைசியில் எல்லாரையும் சேர்த்து ஒரு படம். அழகுமீனா மாமியாரின் கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள். சோலையம்மாள் சேலையைச் சரிசெய்யக் கூட மறந்து மருமகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஞானசுந்தரி மடிக்கணினியைத் திறந்து படங்களை ஏற்றினார். பெண்கள் சுற்றி மொய்த்துக்கொண்டார்கள். ஒவ்வொருத்தி பெயரையும் கேட்டுக் கேட்டு எழுதினார். ஊர் எழுதினார், தேதி எழுதினார். குரூப் படத்துக்குக் கீழே விவரம் என்ற கட்டம் காலியாக இருந்தது.

"இதுல என்ன எழுதட்டும்க்கா? பட்டாசுத் தொழிலாளர்கள்னு போடவா?"

தாயில்பட்டிப் பெண்கள் என்று போடுங்கள் என்றாள் ஒருத்தி. அழகிகள் என்று போடச் சொன்னாள் அழகுமீனா. எல்லாரும் சிரித்து ஓயும்வரை சோலையம்மாள் காத்திருந்தாள்.

"இன்னைக்கு அம்புட்டுப் பேரும் உசுரோட வீடு வந்து சேந்தாகன்னு போடுங்க" என்றாள்.

ஞானசுந்தரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, அவள் சொன்னதை ஒரு எழுத்து மாற்றாமல் எழுதினார்.