சல்கினின் வண்டியில் நாலாவது இடம்

தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து மலையூரான நரினுக்கு ஷேர் டாக்சி ஓட்டுகிறவர்களில், அந்த ஸ்டாண்டில், சல்கின் ஒருத்திதான் பெண். ரஷ்யாவுக்கு வேலைக்குப் போன கணவன் அங்கேயே இன்னொரு குடும்பம் கட்டிக்கொண்டான். அவன் விட்டுப்போன காரை எடுத்து ஓட்ட ஆரம்பித்தாள். பதினோரு வருஷத்தில் வண்டி ஒரே ஒருமுறைதான் அவள் கையை மீறியது.

அது மார்ச் மாதம். டோலோன் கணவாயில் ஒரு வளைவில் பனி வழுக்கி, வண்டி ஓரத் தடுப்பில் போய் முட்டியது. பெரிய வேகம் ஒன்றுமில்லை. பெரியவர்களுக்குக் கீறல்கூட இல்லை. பின்சீட்டில் தாயின் மடியில் தூங்கிக்கொண்டிருந்த எட்டு மாதக் குழந்தை மட்டும் முன்சீட்டின் முதுகில் மோதிக் கீழே விழுந்தது. தோள்பட்டை எலும்பு முறிந்துவிட்டது.

"கெட்டியாத்தான் பிடிச்சிருந்தேன்" என்று ஆஸ்பத்திரி வரைக்கும் அந்தத் தாய் திரும்பத் திரும்பச் சொன்னாள். பொய்யில்லை. அவள் பிடித்திருந்ததைச் சல்கின் கண்ணாடியில் பார்த்திருந்தாள்.

அடுத்த வாரம் கார் சாமான் சந்தைக்குப் போனாள். குழந்தைகளை உட்காரவைக்கும் கார் சீட் தேடினாள். முதலில் கையில் எடுத்த சீட்டின் அடியில் வெள்ளைக் கோடாக ஒரு விரிசல். அடிபட்ட வண்டியிலிருந்து கழற்றியதாக இருக்கும் என்று வைத்துவிட்டாள். விளக்கப் புத்தகத்தோடு இருந்த இன்னொன்றை வாங்கினாள்.

வண்டியில் மாட்டி இழுத்துப் பார்த்தால் அது கையோடு வந்தது. இரண்டு நாள் உட்கார்ந்து புத்தகத்தைப் படித்தாள். முட்டியால் சீட்டை அழுத்திக்கொண்டு பெல்ட்டை இறுக்கினாள். அடிப்பக்கம் பிடித்து ஆட்டியபோது ஒரு விரல் அளவுகூட நகரவில்லை. பிறகு தங்கை மகளைப் பஞ்சுக்கோட்டோடு உட்காரவைத்து வார்களை இறுக்கினாள். கோட்டைக் கழற்றிவிட்டு, இறுக்கிய அளவு மாறாமல் மறுபடி மாட்டினாள். மார்புக்கும் வாருக்கும் நடுவே அவளுடைய மூடிய கை முழுசாக நுழைந்தது. கோட்டின் பஞ்சு அவ்வளவு இடத்தைப் பிடித்திருந்தது.

ஸ்டாண்டில் இன்னொரு டிரைவரான மூகாஷ் கிண்டல் பண்ணாமல் விடவில்லை. "என்ன சல்கின், கான் வீட்டுப் பிள்ளைக்குச் சிம்மாசனமா? ஒரு ஆள் இடம் போச்சே!"

"நீங்களும் சின்னப் பிள்ளையா மாறி வாங்கண்ணே, உக்காரவைக்கிறேன்."

தாய்மார்களும் லேசில் ஒப்பவில்லை.

"பின்னாடி திரும்பி உக்காரவெச்சா புள்ளைக்கு என்னக்கா தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது. வண்டி முட்டினா கழுத்து தப்பிக்கும். கோட்டைக் கழட்டு."

"குளிருமே!"

"வாரை மாட்டினப்புறம் கோட்டை மேல போத்து."

சிலர் வேறு வண்டிக்குப் போனார்கள். அவளும் கூப்பிடவில்லை.

அக்டோபரில் பெர்மெட் என்ற பெண் ஐந்து மாதப் பையனோடு ஏறினாள். முன்சீட்டில் எசென் என்ற மாட்டு வியாபாரி. வழியில் கொச்கோர் ஊரைத் தாண்டியதும் குழந்தை வீறிட்டது. அவனை வெளியே எடுக்க பெர்மெட் வாரின் பூட்டில் கை வைத்தாள்.

"ஓடறப்ப வேணாம்மா. இரு" என்று சல்கின் ஓரம் கட்டினாள்.

பால் கொடுத்து, தூங்கவைத்து, மறுபடி மாட்டி, இருபது நிமிஷம். கால் மணி ஓடியதும் மறுபடி அழுகை. மறுபடி நிறுத்தினாள்.

"எனக்குச் சந்தை இருக்கு! நீ டாக்சி ஓட்டறியா, பால்வாடி நடத்தறியா?" என்றார் எசென்.

"அவன் பசிக்கு அழறான். நீங்க எதுக்குக் கத்தறீங்க?"

நரினில் ஒரு மணி நேரம் தாமதம். எசென் கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனார். அதன்பின் அவள் வண்டியில் ஏறவே இல்லை. பெர்மெட் மட்டும் இறங்கி நின்று, அடுத்த மாதம் சல்கின் என்றைக்கு நரினிலிருந்து பிஷ்கெக்குக்கு வண்டி எடுக்கிறாள் என்று கேட்டு எழுதிக்கொண்டாள்.

இப்போது அந்த ஸ்டாண்டில் மூன்று வண்டிகளில் குழந்தை சீட் இருக்கிறது. அதில் ஒன்றில் பெல்ட் எப்போதும் தளர்ந்தே கிடக்கும். சல்கின் அந்தப் பக்கம் போகும்போது ஆட்டிப் பார்ப்பாள். முட்டியை ஊன்றி, இழுத்து இறுக்கிவிட்டுத் தன் வண்டிக்குப் போய்விடுவாள்.