கொன்னானு என்றால்

எங்கள் வீட்டுத் தெலுங்கை நான் வெளியே எடுப்பதில்லை. மதுரைப் பக்கம் பள்ளியில் படித்தபோது கிண்டல் செய்தே அதை என் வாய்க்குள் பூட்டிவிட்டார்கள். அம்மா போனபிறகு அதைப் பேச ஆளும் இல்லை. கணவருக்கு ஓசூரில் ஃபேக்டரி வேலை. ஷிஃப்ட், ஓவர்டைம், தூக்கம் என்று அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். ஒரே வீட்டில் இருக்கிறோம் என்பதற்கு வாசலில் கிடக்கும் இரண்டு ஜோடி செருப்புதான் சாட்சி.

அந்தத் தனிமைக்குப் பயந்துதான் இளைஞர் நீதிக் குழுமத்தில் உறுப்பினராகச் சேர்ந்தேன். வழக்கில் மாட்டிய பிள்ளைகளை விசாரிக்கும் இடம் அது. ஒரு மாஜிஸ்திரேட், என்னைப் போல இரண்டு பேர். சட்டம் அருமையான சட்டம். விலங்கு போடக் கூடாது, போலீஸ் காக்கியில் வரக் கூடாது, பிள்ளை பயப்படக் கூடாது. ஆனால் வீட்டில் என்ன பாஷை பேசுவாய் என்று பிள்ளையைக் கேட்கத்தான் யாருக்கும் தோன்றுவதில்லை. இந்த ஊர் டீக்கடையில் நின்றாலே மூன்று பாஷை காதில் விழும். கேள்வி கேட்கிற நாற்காலிக்கு மட்டும் ஒன்றுதான் தெரியும். எனக்கு எரிச்சலாக வரும்.

பதினாறு முடிந்த ஒரு பையனைக் கொண்டுவந்தார்கள். கெலவரப்பள்ளிப் பக்கம் விவசாயக் குடும்பம். வாய்க்கால் தகராறில் அவன் சித்தப்பா பக்கத்து நிலத்துக்காரரைக் கத்தியால் குத்த, அவர் இறந்துவிட்டார். பையனும் அங்கே இருந்தான். "நானே கொன்னேன்" என்று அவனே ஒப்புக்கொண்டதாகப் போலீஸ் சொன்னது. அவனை விசாரித்த இன்ஸ்பெக்டர் தெற்கேயிருந்து மாற்றலாகி வந்தவர். பையனைப் பெரியவர்களைப் போல செஷன்ஸ் கோர்ட்டுக்கு அனுப்புவதா, எங்களிடமே வைத்துக்கொள்வதா என்று நாங்கள் முடிவு செய்ய வேண்டும். அனுப்பினால் அவன் வாழ்க்கை அவ்வளவுதான்.

மாஜிஸ்திரேட் தன்மையாகத்தான் கேட்டார்.

"கத்தி எப்படிப்பா வந்துச்சு?"

பையன் தலையைத் தூக்காமல் முணுமுணுத்தான். "நேனே கொன்னானு."

"கேட்டீங்களா மேடம், இங்கயும் அதையேதான் சொல்றான்," என்று என் பக்கம் திரும்பினார் இன்னொரு உறுப்பினர்.

என் காதில் விழுந்தது தமிழ் இல்லை. கடைக்குப் போய்வந்தால் அம்மா சொல்லும் சொல் அது. கத்திரிக்காய் கொன்னானு, புளி கொன்னானு. கொன்னானு என்றால் வாங்கினேன்.

எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அந்த பாஷையில் வாயைத் திறந்தேன். "எக்கட கொன்னாவுரா?" எங்கேடா வாங்கினாய்?

அவன் நிமிர்ந்தான். குந்தாரப்பள்ளிச் சந்தையில், தென்னை மட்டை சீவுவதற்கு வாங்கினானாம். சண்டையில் சித்தப்பா அதைப் பிடுங்கிக்கொண்டாராம். தடுக்கத்தான் ஓடினானாம். மடை திறந்தாற்போல் பேசினான். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்தக் கொஞ்ச நேரம் எனக்கும் ஒரு துணை கிடைத்தது போலிருந்தது.

மொழிபெயர்ப்பாளரை வைத்து எல்லாவற்றையும் மறுபடி கேட்கச் சொன்னார் மாஜிஸ்திரேட். வழக்கு எங்களிடமே நின்றது. ஜாமீனும் கிடைத்தது. ஆனால் அதற்குள் ஒரு மழைக்காலமும் பனிக்காலமும் அவனுக்குக் கூர்நோக்கு இல்லத்திலேயே கழிந்திருந்தன. அங்கே அவனோடு தெலுங்கு பேச யாரும் இல்லை.

கூட்டிப்போக வந்த அவன் அம்மா கன்னத்தைத் தடவி, "அன்னம் தின்னாவா நாயனா?" என்று கேட்டார். சாப்பிட்டாயா அப்பா என்று.

"சாப்ட்டேம்மா," என்றான்.

அந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியாமல் இல்லை. முகம்தான் வாடிப்போனது. "நாத்தோ கூட அரவமா?" என்னிடம்கூடத் தமிழா?

"தெலுங்கு வேணாம்மா. வேற மாதிரி எழுதிக்குவாங்க."

நான் அவன் பக்கத்தில் போனேன். "பயம் லேதுரா, மாட்லாடு," என்றேன். பயமில்லை, பேசுடா.

என் கையில் பேனா இருக்கிறதா என்று அவன் பார்த்தான்.