தொண்ணூற்று மூன்று மாடலின் பத்தொன்பது குறைகள்

பெர்த் நகரத்துக்குக் குடிவந்த நாளிலிருந்து, டைரியின் கடைசிப் பக்கத்தில் நான் கேட்ட ஹாரன் சத்தங்களைக் குறித்து வருகிறேன். நடுவே கோடு போட்டு இரண்டு பத்திகள். இடப்பக்கம், திட்டுவதற்காக அடித்தவை. வலப்பக்கம், 'வாரேனுங்க, கொஞ்சம் ஒதுங்குங்க' என்று சொல்லிக்கொள்ள அடித்தவை. இரண்டு வருடத்தில் இடப்பக்கம் ஏழு தேறியது. அவற்றில் இரண்டு எனக்காகவே அடிக்கப்பட்டவை. வலப்பக்கம் வெறுமையாகவே கிடந்தது. எங்கள் ஊர் காந்திபுரம் சிக்னலில் பச்சை விழுந்த மூன்று விநாடிக்குள் வலப்பக்கம் நிரம்பிவிடும். ஒரே சத்தம் அங்கே மரியாதை, இங்கே வசவு. இந்த வித்தியாசத்தை நன்றாகப் புரிந்துகொண்டுவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன், பழைய வண்டி ஒன்றை வாங்கப் போகும்வரை.

வண்டி தேவைப்பட்டதற்குக் காரணம் என் மாமனாரும் மாமியாரும். ஆனைமலையிலிருந்து மூன்று மாதம் தங்க வருவதாக எழுதியிருந்தார்கள். எங்களிடம் இருந்தது சின்னக் கார். நானும் மனைவி சரோஜாவும் இரண்டு பெண்களும் ஏறினாலே கண்ணாடியைத் திறந்து மூச்சு விடவேண்டும். "எங்கப்பாவ டிக்கியில வெச்சா கூட்டீட்டு வருவீங்க?" என்று சரோஜா கேட்டாள். ஏழு பேர் உட்காரும் பெரிய ஃபோர் வீல் டிரைவ், அதுவும் தோல் இருக்கையும் கூரையில் திறக்கும் கண்ணாடியும் கொண்ட உயர்ரகம், பழையதாக ஒன்று வாங்குவது என்று முடிவானது.

எதை வாங்குவது என்பதில் நான் அவசரப்படவில்லை. ஊரில் கணபதி பகுதியில் ஒரு பம்ப் செட் கம்பெனியில் பதினெட்டு வருடம் எஞ்சின் சத்தம் கேட்டு வளர்ந்த காது இது. ஒரு ஜப்பானிய வண்டியைப் பிடித்துக்கொண்டு, எந்த வருடத்தில் எந்த எஞ்சின் என்று நூலகத்தில் உட்கார்ந்து அட்டவணை போட்டேன். பெட்ரோல் எஞ்சின் அமைதியானது, ஆனால் குடிகாரன். டர்போ வைத்த டீசல் வேகமானது, ஆனால் சூடு தாங்காது. டர்போ இல்லாத ஆறு சிலிண்டர் டீசல்தான் உழைப்பாளி. அதிலும் தொண்ணூறில் அந்த எஞ்சின் புதிதாக வந்தது. புது எஞ்சினின் முதல் இரண்டு வருடம் கம்பெனிக்காரன் நம் வண்டியில் பாடம் படிப்பான். தொண்ணூற்று ஐந்துக்கு மேல் எல்லாம் எலக்ட்ரானிக்ஸ். ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு நாம் கிட்டேயே போகமுடியாது. ஆகவே தொண்ணூற்று மூன்று. இந்த முடிவுக்கு வர எனக்கு எட்டு மாதம் பிடித்தது.

"எனக்கு மாப்பிள்ளை பாக்க எங்கப்பா ஒரு வாரந்தானுங்க எடுத்துக்கிட்டாரு" என்றாள் சரோஜா. "அதான் இப்படி ஆயிப்போச்சு."

மாமனார் வருவதற்கு ஒரு மாதம் இருக்கையில், நான் தேடிய அதே வண்டி கிடைத்தது. தொண்ணூற்று மூன்று, டர்போ இல்லாத டீசல், ஒரே சொந்தக்காரர். அவர் பெயர் டெரி. பணி ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர், சட்டைப் பையில் எப்போதும் ஒரு பேனா. கூட வந்த சரோஜாவை ஓரமாக நிறுத்திவிட்டு, முதலில் பானெட்டைத் தொட்டுப் பார்த்தேன். சில்லென்றிருந்தது. விற்பவர் முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைக்கவில்லை என்று அர்த்தம். சாவியைத் திருப்பியதும் ஒரே முனகலில் எழுந்தது. புகைபோக்கிக்குப் பின்னால் வெள்ளைத் தாளைப் பிடித்தேன். எண்ணெய்த் துளி ஒன்றுகூட இல்லை. எட்டு மாதம் அட்டவணையில் பார்த்தது என் முன்னால் நின்று உறுமிக்கொண்டிருந்தது. எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. ஆகவே நொட்டை சொல்ல ஆரம்பித்தேன்.

ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கல்யாணமான புதிதில் மதுக்கரையில் ஒரு பழைய அம்பாசிடர் வாங்கப் போனபோது, மச்சான் ரங்கசாமியைத் துணைக்கு அழைத்துப் போயிருந்தேன். அவன் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "ஏனுங்க, இது காருங்களா, கோழிக்கூடுங்களா?" என்றான்.

"கோழிக்கூடா இருந்தா முட்டையாச்சு கெடச்சிருக்குமுங்க. வேண்டாம்னா உடுங்க, பஸ்சுல போலாம்" என்றார் சொந்தக்காரர்.

"கதவச் சாத்துனா ஊரே எந்திரிச்சுக்குமுங்க."

"எந்திரிச்சு உங்க மூஞ்சியப் பாத்தா மறுக்காப் படுத்துக்குவாங்க."

ஒரு மணி நேரம் இப்படியே போனது. நடுவில் இரண்டு முறை காபி வந்தது. கடைசியில் அவர் வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டு வண்டியோடு கிளம்பினோம். வாங்குகிறவன் குறை சொல்லாமல் நின்றால்தான் அங்கே சந்தேகம் வரும். இவனுக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று சொந்தக்காரர் முகம் வாடிவிடும்.

டெரியிடம் நான் அதே மரியாதையைத்தான் காட்டினேன். இருக்கை வழவழப்பு, குழந்தைகள் வழுக்கி விழுவார்கள் என்றேன். பின்சீட்டில் ஏதோ வாடை என்றேன். ஹாரன் ஆட்டுக்குட்டி கத்துவதுபோல் இருக்கிறது என்றேன். அவர் திருப்பி ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். அவரோ பேனாவை எடுத்து ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டார். இன்னும் தூண்டுகிறார் என்று நினைத்துக்கொண்டு நான் பத்தொன்பது வரை போனேன். பத்தொன்பதாவது, வண்டி நிற்கும்போதே சோகமாகத் தெரிகிறது என்பது.

டெரி தாளை மடித்தார். முகம் வெளுத்திருந்தது. "மன்னிக்கணும் நண்பரே. இவ்வளவு குறையுள்ள வண்டியை ஒரு குடும்பத்துக்கு விற்க என் மனசு ஒப்பாது" என்று சொல்லிவிட்டு, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, கண்ணாடியில் ஒட்டியிருந்த 'விற்பனைக்கு' அட்டையைக் கிழித்தெடுத்தார்.

வீட்டு வாசலில் இறங்கியபின் சரோஜா, "எட்டு மாசம் எஞ்சினப் படிச்சீங்க. அந்த மனுசன ஒரு நிமிசம் படிச்சீங்களா?" என்றாள்.

மறுநாள் காலை அவளே என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். எங்கள் ஊரில் பிடித்த பொருளைத்தான் வைவார்கள், பிடிக்காததைப் பார்த்தால் நன்றாயிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள் என்று அவளுக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விளக்கினாள். டெரி வெகுநேரம் யோசித்தார். முந்தின நாள் அவர் வீட்டுத் தோட்டத்தை நான் ரொம்ப நன்றாயிருக்கிறது என்று பாராட்டியிருந்தேன். அதைப் பற்றித்தான் யோசித்தார் என்று இப்போது தோன்றுகிறது. பிறகு உள்ளே போய்ப் பட்டியலை எடுத்துவந்து, இதில் எது உண்மை என்று கேட்டார். வைப்பர் ரப்பர் மட்டும் என்றேன். அவர் வண்டியில் ஏறி ஹாரனை அழுத்தினார். பக்கத்து வீட்டு நாய் கட்டிலுக்கடியில் ஓடியிருக்கும். என் பேச்சை நம்பி, முந்தின நாள் மாலையே லாரி ஹாரன் ஒன்றைப் பொருத்திவிட்டிருந்தார் பாவம்.

ஒரு நிபந்தனையோடு வண்டியைக் கொடுத்தார். 'எனக்கு இந்த வண்டி பிடித்திருக்கிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரவேண்டும். போட்டேன். தேதியும் போட்டேன்.

மாமனார் வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, டெரியைப் பார்க்கப் போனோம். பெரியவருக்குப் பிடித்திருக்கிறதா என்று அவர் இரண்டு முறை தொலைபேசியில் கேட்டிருந்தார். மாமனார் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வண்டியை ஒரு சுற்று வந்தார்.

"ஏனுங்க மாப்ள, இது வண்டிங்களா, ஐஸ் பொட்டிங்களா? உள்ள ஒக்காந்தா குளுருல பல்லு கிட்டிக்குது."

டெரியின் கை பேனாவுக்குப் போனது. "என்ன சொல்கிறார்?"

"ரொம்பப் பிடித்திருக்கிறது என்கிறார்."

டெரி நெஞ்சில் கைவைத்து, இந்த வண்டி ஒருநாளும் தன்னைக் கைவிட்டதில்லை, அது போனபின் வீட்டு முற்றமே காலியாகக் கிடக்கிறது என்றார். மாமனார் என்னைப் பார்த்தார். "வேற ஆளு கேட்டாங்களாம் மாமா, நமக்குன்னு நிறுத்தி வெச்சிருந்தாராம்" என்றேன். மாமனார் திருப்தியாகத் தலையாட்டினார். இரண்டு பக்கமும் சொன்னபடி நான் ஒன்றையும் சொல்லவில்லை. இரண்டு பக்கமும் பொய் சொன்னதாகவும் எனக்குத் தோன்றவில்லை.

கிளம்பும்போது டெரி வாசல் கேட் அருகே நின்று கையசைத்தார். தெருவில் இலை விழுந்தால் கேட்கும் அமைதி.

"ஒரு ஹாரன் அடிங்க மாப்ள. சொல்லாமக் கொள்ளாமப் போறதுங்களா?" என்றார் மாமனார்.

மெதுவாகத்தான் அழுத்தினேன். அந்த ஹாரனுக்கு மெதுவாகக் கத்தத் தெரியாது. ஆறு வீட்டுத் திரைச்சீலைகள் விலகின. கண்ணாடியில் பார்த்தேன். டெரி துள்ளிப் போய்ப் பையில் பேனாவைத் தேடிக்கொண்டிருந்தார். பக்கத்தில் மாமனார் சாய்ந்து உட்கார்ந்து, "இப்பத்தானுங்க வண்டி" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் டைரியைத் திறந்தேன். எட்டாவது. அடித்தது நான். எந்தப் பத்தி என்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நடுக்கோட்டின் மேலேயே எழுதினேன்.