அரை இடம்

என் மனைவியின் பாட்டை நான் ஒரே மதியத்தில் கெடுத்தேன். அது தெரியாமல் செய்தது. பிறகு ஒரு பொய் சொன்னேன். அது தெரிந்தே சொன்னது. இரண்டையும் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

கல்லூரியில் கணிதம் கற்பித்தவன் நான். ஓய்வு பெற்று திருவானைக்காவல் வீட்டில் சும்மா இருந்தபோது, வெளிநாட்டில் வேலை பார்க்கும் மகன் மடிக்கணினியில் இசை அமைக்கும் மென்பொருள் ஒன்றைப் போட்டுக் கொடுத்தான். ஒரு மைக்கும் வாங்கித் தந்தான். எனக்கு ராகமும் தெரியாது, தாளமும் தெரியாது. ஆனால் அந்த மென்பொருளில் ஒரு சின்ன சன்னல் உண்டு. அதில் வரிசையாகப் பதினாறு கட்டங்கள், கட்டத்துக்கு ஒரு தூண். தூணை மவுஸால் மேலே இழுத்தால் அந்த இடத்தில் ஒலி பெருகும். கீழே இறக்கினால் தேயும். தரையோடு அழுத்திவிட்டால் ஒலியே இராது. பதினாறாவது கட்டம் முடிந்ததும் மறுபடி முதல் கட்டம் வரும்.

தம்புரா போல் ஒரே சீராக நிற்கும் ஒலியை ஓடவிட்டு, இந்தத் தூண்களை ஏற்றியும் இறக்கியும் பார்த்துக்கொண்டிருப்பேன். கோயில் பிரகாரத்தில் நடக்கும்போது தூணும் வெயிலும் மாறி மாறி முகத்தில் விழுமே, அதைக் கண்ணை மூடிக்கொண்டு காதால் கேட்பது போல இருக்கும். நாலாவது தூணைக் கொஞ்சம் தாழ்த்தினால் எங்கோ ஒரு கதவு சாத்திக்கொள்ளும். ஒன்பதாவதை உயர்த்தினால் அது திறந்து காவிரிக் காற்று உள்ளே வரும். சாப்பிட்டுவிட்டு மாடி ஏறுகிறவன், தெருவில் பூக்காரி குரல் கேட்ட பிறகுதான் மாலை ஆனதை உணர்வேன். மதியங்கள் அப்படிக் கரைந்து போயின.

மனைவிக்குக் கழுத்தில் கட்டி வந்தது. தைராய்டு. அறுவை செய்தால் குரல் மாறக்கூடும் என்று மருத்துவர் முன்கூட்டியே சொன்னார். ஆஸ்பத்திரியில் சேருவதற்கு முந்தைய நாள் காலையில் அவளே மாடிக்கு வந்தாள்.

"அந்த மைக்கை எடுங்க. ஒரு பாட்டு பாடி வச்சிடறேன்."

ஹெட்போனை மாட்டிவிட்டேன். மென்பொருள் டிக், டிக் என்று எட்டு எண்ணிக்கை தட்டியது.

"தாளம் என் கையில இருக்கு. இது எதுக்கு?"

"கம்ப்யூட்டருக்கு வேணும்."

"அதுக்கும் ஒரு கை வாங்கிக் குடுங்க" என்று சொல்லிவிட்டு, தொடையில் தட்டிக்கொண்டு ஒரு கீர்த்தனையைப் பாடினாள். ஒரே தடவைதான். சன்னலுக்கு வெளியே முருங்கை மரம் அசைந்துகொண்டிருந்தது. முடித்ததும் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, துணிகளை எடுத்து வைக்கக் கீழே போய்விட்டாள்.

அறுவை நல்லபடியாக முடிந்தது. ஆனால் குரல் தாழ்ந்து, கரகரத்து, பேச மட்டும் பயன்படுவதாக ஆகிவிட்டது. அவள் ஓய்வில் இருந்த ஒரு மதியம் நான் பாட்டைத் திறந்து, பின்னணியாக என் தம்புரா ஒலியை ஓடவிட்டேன். எட்டு எண்ணிக்கைக்குப் பதினாறு கட்டம், எண்ணிக்கைக்கு இரண்டு. முதல் கட்டத்தில் என் தூண் உயரமாக நிற்கிறது, தம்புரா பெருகுகிறது, ஆனால் குரல் வரவில்லை. இரண்டாவது கட்டத்தில்தான் வருகிறது. ஒவ்வொரு சுற்றிலும் அப்படியே. பயத்தில் தாமதமாகத் தொடங்கியிருக்கிறாள் என்று முடிவு செய்தேன். இரக்கமாகக்கூட இருந்தது. குரல் முழுவதையும் ஒரு கட்டம் முன்னால் நகர்த்தினேன். இப்போது தம்புராவும் அவளும் சேர்ந்தே எழுந்தார்கள். கடைசிக் கட்டத்தில் மட்டும் 'ஸ்' என்று ஒரு சத்தம் இடித்தது. குரலுக்கும் ஒரு பதினாறு கட்டம் போட்டு, பதினாறாவது தூணைத் தரையோடு அழுத்தினேன். சத்தம் போயிற்று. சில சொற்களின் வாலும் அறுந்தது. அது பெரிதாகத் தெரியவில்லை.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. கேள்வித்தாள் தயாரித்து ஒப்படைத்ததும் வரைவுகளைக் கிழித்துப் போடுவேன். ஒன்றுதான் இருக்க வேண்டும், சரியானது. அதே ஒழுங்கோடு எல்லாவற்றையும் ஒரே கோப்பாக்கிச் சேமித்துவிட்டு, மூலப் பதிவை அழித்தேன்.

அந்த வருடம் நவராத்திரிக்கு ஸ்ரீரங்கத்தில் மைத்துனி வீட்டுக்குப் போனோம். அவளும் என் மனைவியோடு சேர்ந்து பாடுகிறவள். கொலுவுக்கு வருகிற பெண்கள் ஆளுக்கு ஒரு பாட்டுப் பாடுவது அங்கே வழக்கம். என் மனைவியின் முறை வந்தபோது நான் மடிக்கணினியைத் திறந்து வைத்தேன். பெண்கள் எல்லோரும் கையில் தாளம் போட்டார்கள். என் மனைவியும் போட்டாள். பாட்டு தொடங்கியது. அவள் கை தொடையின் மேலேயே நின்றுவிட்டது.

"என்னக்கா, முதல் தட்டோடயே, சமத்துல எடுத்துட்டே?" என்றாள் மைத்துனி.

"அவ லேட்டா ஆரம்பிச்சிருந்தா. நான்தான் சரிபண்ணினேன்" என்றேன்.

"லேட்டா? அத்தான், அந்தப் பாட்டு அரை இடம் தள்ளித்தான் எடுப்பு. கணக்கு வாத்தியாருக்கு அரைகூடத் தெரியாதா?"

பெண்கள் சிரித்தார்கள். கொலுப்படியில் இருந்த செட்டியார் பொம்மைகூடச் சிரித்த மாதிரி இருந்தது. எடுப்பு என்றால் பாட்டு தொடங்கும் இடம், அரை இடம் என்றால் அரை எண்ணிக்கை, அதாவது என் ஒரு கட்டம் என்பது அந்த நொடியில் எனக்கு விளங்கிவிட்டது. தவறு என்னுடையது என்பதும் விளங்கிவிட்டது. ஆனால் என் வாய் வேறொன்று சொன்னது.

"அரை இடம் எனக்கும் தெரியும்மா. இவ அதுக்கும் லேட்டு. உடம்பு சரியில்ல, தடுமாறிட்டா. பாவம்."

எல்லோரும் என் மனைவியைப் பார்த்தார்கள். அவள் புடவை முந்தானையைக் கழுத்துத் தழும்பின் மேல் இழுத்துவிட்டுக்கொண்டு, அந்தக் கரகரத்த குரலில், "ஆமா, நான்தான் விட்டுட்டேன்" என்றாள். சுண்டல் வந்தது. பேச்சு மாறியது. அதற்குப் பிறகு அவள் அந்தப் பாட்டைப் போடச் சொல்லவே இல்லை.

நாற்பது ஆண்டுகள் தன்னோடு சேர்ந்து பாடியவர்கள் முன்னால், செய்யாத தவறை ஏற்றுக்கொண்டாள். என் மானத்துக்காக.

தை பிறந்ததும் தனியாக பஸ் ஏறி மைத்துனி வீட்டுக்குப் போனேன். "அவ லேட்டில்லம்மா. நான்தான் நகர்த்தினேன். அன்னிக்குச் சொன்னது பொய்" என்றேன்.

அவள் என்னை உட்காரச் சொல்லவில்லை. "அது எங்க எல்லாருக்கும் தெரியும் அத்தான். அவளே ஆமான்னு சொன்னதுக்கு அப்புறம் நாங்க என்ன பேச?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்துத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பிறகு தன் தொடையில் ஒரு தட்டு தட்டி, வாயை மூடிக்கொண்டு மூச்சை இழுத்துக் காட்டி, அப்புறம் பாட்டை எடுத்தாள். "இந்த அரை இடம் காலி இல்ல. இங்கதான் அக்கா மூச்சு எடுப்பா. அவ மூச்சைக் கேட்டுத்தான் நாங்க எல்லாரும் சேர்ந்து எடுப்போம்."

நான் தரையோடு அழுத்திய 'ஸ்' அதுதான்.

வீட்டுக்கு வந்து மாடி ஏறினேன். பின்னணித் தம்புரா குரலோடு ஒட்டிப்போயிருந்தது. இருந்தாலும் பாட்டை ஒரு கட்டம் பின்னால் தள்ளி, கீழே புதிதாக ஒரு தம்புராவை ஓடவிட்டு, அதன் பதினாறு தூண்களையும் மறுபடி வரைந்தேன். முதல் தூணை இறக்கினேன். இப்போது என் தொடையில் தட்டு விழுந்தது, ஒலி விலகி வழிவிட்டது, பாட்டு தன் இடத்தில் வந்தது. ஆனால் முதல் கட்டம் உண்மையிலேயே காலியாக இருந்தது. கண்ணை மூடிக் கேட்டால், யாரோ வாசல்வரை வந்து நிற்பதும் உள்ளே வராமல் இருப்பதும் போல இருந்தது. சுற்றுக்கு ஒரு முறை. பல நாட்கள் அதையே கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஒரு மதியம் அவளைக் கூப்பிட்டேன். மூலப் பதிவை அழித்தது, மூச்சை அழித்தது, கொலுவில் தெரிந்தே பொய் சொன்னது, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். பாட்டைப் போட்டேன். அவள் கதவில் சாய்ந்து நின்று கேட்டாள். கை தானாகத் தொடையில் தட்டியது.

"இடம் சரியா இருக்கு" என்றாள்.

"மூச்சு போச்சு. அதைத் திரும்பக் கொண்டுவர முடியல."

"பொய் சொன்னீங்க பாருங்க, அதுதான் எனக்கு ரொம்ப நாள் வலிச்சுது. தொண்டைகூட அவ்வளவு வலிக்கல."

முருங்கை இலைகளின் நிழல் திரைமேல் ஆடியது. பாட்டு சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"பாட்டுதான் வராது. மூச்சு வரும்ல? மைக்கைப் போடுங்க. ஃபேனை நிறுத்துங்க. சீக்கிரம், அடுப்புல குழம்பு இருக்கு."

ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். கையைத் தட்டினாள். ஒவ்வொரு சுற்றிலும் முதல் கட்டத்தில் மூச்சை இழுத்தாள், ஒரு சொல்லும் பாடாமல், நேராக உட்கார்ந்து, கண்ணை மூடி. வெள்ளைத் திரையில் சின்னச் சின்ன மேடுகள் முளைத்தன. மூன்றாவது சுற்றில் மூச்சு பிந்தியது. அவளே சிரித்துவிட்டாள்.

"இது நிஜமாவே லேட்டு. இதைச் சரிபண்ணிடாதீங்க."

புதிய மூச்சு பழைய குரலோடு சேரவில்லை. அது கொஞ்சம் கரடுமுரடாக, வயதான மூச்சாக இருக்கிறது. மூன்றாவது சுற்றில் ஒரு சிரிப்பும் இருக்கிறது. அதன்மேல் எந்தத் தூணையும் நான் வைக்கவில்லை. அடுத்த கொலுவுக்கு அதை எடுத்துக்கொண்டு போவதாக இருக்கிறோம். பெண்கள் முன்னால் முதலில் நான் பேச வேண்டும், அதற்குப் பிறகுதான் பாட்டு என்று சொல்லியிருக்கிறாள்.