உப்புச் சிரட்டையும் புயல் எச்சரிக்கையும்

வெள்ளைத்துரைக்குச் சந்தேகம் என்பது காலை டீ மாதிரி. அது இறங்காமல் அவருக்குப் பொழுது விடியாது. ரேஷன் கடைத் தராசு, பஸ் கண்டக்டர் தரும் சில்லறை, மாப்பிள்ளை வீட்டார் காட்டும் மரியாதை என எதற்குப் பின்னாலும் ஒரு கள்ளன் இருப்பான் என்பது அவர் முடிவு.

நாரணாபுரத்தில் ஒரு கம்பி மத்தாப்புக் கம்பெனியில் அவர் போர்மேன். மருந்தில் முக்கியெடுத்த கம்பிகளை மரச்சட்டங்களில் அடுக்கிக் களத்தில் வைத்து வெயிலில் காய வைப்பது அவர் பொறுப்பு. அவர் மனைவி சோலையம்மாளும் பக்கத்து வீட்டு மாரிசெல்வியும் இன்னும் சில பெண்களும் அந்தக் களத்தில்தான் கூலிக்கு இருந்தார்கள். காய்ந்து பெட்டிக்குள் போன மத்தாப்புக்குத்தான் கூலி. நனைந்தால் மத்தாப்பும் போச்சு, கூலியும் போச்சு.

"கம்பெனிக்காரன் சிரிச்சுப் பேசுனான்னா, மொதல்ல சட்டப்பையத் தொட்டுப் பாத்துக்கிடணும்" என்று அந்தப் பெண்களுக்குப் பல வருஷமாகச் சொல்லிக்கொடுத்திருந்தார். கம்பெனி இவர்களை ஏமாற்றியதே இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. அதனால் அவர் பேச்சு அவர்களிடம் நன்றாகவே எடுபட்டது.

மழை விஷயத்திலும் அவர் யாரையும் நம்பவில்லை. களத்துச் சுவரில் ஒரு தேங்காய்ச் சிரட்டையில் கல்லுப்பு வைத்திருப்பார். விடிந்ததும் விரலால் தொட்டுப் பார்ப்பார். உப்பு கசிந்திருந்தால் அன்றைக்குக் காயப்போட மாட்டார். பொலபொலவென்றிருந்தால் தயங்காமல் பரப்பச் சொல்வார். டிவி சொல்வதைவிடச் சிரட்டை சொல்வதுதான் களத்தில் செல்லுபடியாகும்.

மகள் வேல்விழி விருதுநகரில் காலேஜ் படிக்கிறாள். ஒரு சாயங்காலம் டிவியில் எங்கோ அடித்த புயலின் நஷ்டத்தைக் கோடிகளில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"மனுசன் விடுற புகையிலதான்ப்பா கடல் சூடாகுது. அதனால புயலும் முன்ன மாதிரி இல்ல, மழையக் கூடுதலா அள்ளிட்டு வந்து கொட்டுது" என்றாள்.

"எந்த மனுசன்? தீவாளிக்கு நாம கொளுத்துற மத்தாப்புலயா கடல் கொதிக்குது?"

"பட்டாச நான் சொல்லலியே. கரி, பெட்ரோலு, டீசலு எரிக்கிறதச் சொல்லுதேன்."

"இன்னைக்கு அதச் சொல்லுவாக. நாளைக்கு நம்ம கம்பெனிய மூடச் சொல்லுவாக. அது கெடக்கட்டும், இந்தக் கோடிக் கணக்குல நம்ம களத்துக் கூலி எங்கன இருக்குன்னு கேட்டுச் சொல்லு."

அந்தக் கேள்வி நியாயமானதுதான். ஆனால் வேல்விழி வாயைத் திறக்கும் முன்பே, ஜெயித்துவிட்டதாக நினைத்து வெள்ளைத்துரை டிவியை அணைத்தார்.

கார்த்திகை மாதம் ஒருநாள் காலையில் மேனேஜர் பாலகுரு போன் செய்தார். "போர்மேன், புயல் தெச மாறி நம்ம பக்கம் வருதாம். இன்னைக்குக் காயப்போடாதீக."

வெள்ளைத்துரை சிரட்டையைத் தொட்டார். உப்பு அப்பளம் மாதிரி காய்ந்திருந்தது. வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. இத்தனை வருஷமாக இல்லாத அக்கறை இவனுக்கு இன்றைக்கு எங்கிருந்து வந்தது? இவன் மச்சான் மல்லாங்கிணறு பக்கம் புதிதாகக் கம்பெனி போட்டிருக்கிறான். இங்கே வேலையை நிறுத்தி ஆர்டரை அங்கே தள்ளிவிடப் பார்க்கிறான்! போன் வந்ததை மூச்சுவிடாமல், "பரப்புங்க தாயி, வெயில் சுள்ளுனு இருக்கு" என்றார்.

புயல் கடலில் நிற்கும்போது சுற்றுவட்டார ஈரத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். கரையேறும் முன் இங்கே காற்று காய்ந்துதான் கிடக்கும். பாவம், அது உப்புக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. மத்தியானச் சோற்றுக்கு உட்கார்ந்தபோது கிழக்கே கறுத்தது. பெண்கள் கைகழுவாமல் எழுந்து ஓடிச் சில சட்டங்களைத்தான் காப்பாற்ற முடிந்தது. மற்றதெல்லாம் மழையில் மருந்து கரைந்து வெறும் கம்பியாக நின்றது.

கூலி கிடையாது என்று சொல்லி அனுப்பினார் பாலகுரு. வெள்ளைத்துரையை முன்னால் விட்டுப் பெண்கள் ஆபீஸுக்குப் போனார்கள்.

"காலையிலயே போர்மேன்கிட்டச் சொல்லிட்டேனே, காயப்போட வேண்டாம்னு!" என்றார் பாலகுரு.

"பொய்யி!" என்றாள் மாரிசெல்வி. "இம்புட்டு வருசமா இல்லாத அக்கற இன்னைக்கு மட்டும் வந்துச்சாக்கும்? அண்ணே, நீங்க சொல்லுங்க."

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இத்தனை பேரும் வெள்ளைத்துரை பக்கம். பக்கத்தில் சோலையம்மாள் மருந்து படிந்த கைகளைச் சேலையில் துடைத்துக்கொண்டிருந்தாள். அந்தக் கைகளைப் பார்த்தபின் அவரால் பொய் சொல்ல முடியவில்லை.

"போன் வந்துச்சு தாயி. நாந்தான் நம்பல."

ஏசுவார்கள், காறித் துப்புவார்கள் என்று எதிர்பார்த்துத் தலையைக் குனிந்து நின்றார். யாரும் ஏசவில்லை. மாரிசெல்வி பாலகுருவை ஒருமுறை பார்த்தாள், வெள்ளைத்துரையை ஒருமுறை பார்த்தாள்.

"எம்புட்டுண்ணே குடுத்தாக?"

"சத்தியமா இல்ல தாயி..." சோலையம்மாளாவது தனக்காகப் பரிந்து பேசுவாள் என்று அவர் திரும்பினார். அவள் அவருடைய சட்டைப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.