வீட்டுக்காரரைத் துரத்திய டிராக்டர்

போன வருடம் ஆனி மாதம், மழை இறங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் நடந்தது இது. பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் எங்களுக்குத் தென்னந்தோப்பு இருக்கிறது. தோப்போடு சேர்ந்தே வீடு, வீட்டுக்கு முன்னால் சிமெண்டுக் களம். களத்தில் கொப்பரை காயப்போட்டு விற்பது என் வீட்டுக்காரர் வேலை. தோப்பில் உழவு ஓட்டுவது என் வேலை. பொம்பளை டிராக்டர் ஓட்டுவதா என்று வாயைப் பிளக்கிறவர்கள் இங்கேயே பிளந்து முடித்துக்கொள்ளலாம். அவர் மொபெட்டுக்கு மேல் எதையும் தொடமாட்டார். யாராவது ஓட்டத்தானே வேண்டும்?

எங்களுடையது பழைய மினி டிராக்டர். மரத்துக்கு மரம் நடுவில் புகுந்து வர அதுதான் தோது. ஆனால் அதன் ஸ்டீரிங் இருக்கிறதே, சுத்தக் கருங்கல். வரிசை முடிகிற இடத்தில் வண்டியைத் திருப்ப வேண்டுமென்றால் சீட்டிலிருந்து பாதி எழுந்து, உடம்பு மொத்தத்தையும் போட்டு இழுக்க வேண்டும். பல வருடம் அப்படி இழுத்ததில் என் வலது தோள் போய்விட்டது. தலை சீவக்கூடக் கை மேலே போகவில்லை.

கோயமுத்தூரில் ஒரு டாக்டரிடம் போனோம். ஸ்கேன் படத்தைப் பார்த்தார், டிராக்டரை விட்டுவிடுங்கள் என்றார். என் முகத்தைப் பார்க்கவே இல்லை. மழை வரப்போகிறது, தோப்பை யார் உழுவது, நீங்கள் வருகிறீர்களா என்று கேட்டேன். வீட்டுக்காரர் என்னை அவசரமாக வெளியே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

அதற்கப்புறம் ஆளாளுக்குப் புத்தி சொன்னார்கள். நாத்தனார் போன் போட்டு, வயசாகிவிட்டது, கோயில் குளம் என்று போய் வாருங்கள் என்றார். எனக்கு ஐம்பத்திரண்டுதான். என் தம்பி தோப்பைக் குத்தகைக்கு விடச் சொன்னான். வாடகை டிராக்டர் சொல்லிக்கொள்ளலாம் என்றார்கள். மழை பெய்ததும் ஊரே அந்த வாடகை வண்டிக்காரனைத்தான் கூப்பிடும். நம் தோப்புக்கு அவன் வருவதற்குள் மண் இறுகிப் போயிருக்கும். வருகிறவன் சொட்டுநீர்க் குழாயையும் கிழித்துவிட்டுப் போவான். இதையெல்லாம் சொன்னால் எனக்குப் பிடிவாதம் என்கிறார்கள்.

பிடிவாதம்தான். தோப்பில் உழவு ஓட்டுகிற அந்தச் சில நாள்தான் எனக்கு வருடத்திலேயே நல்ல நாள். அதை எப்படிச் சொல்லிப் புரியவைப்பது?

இதற்கு நடுவில் பக்கத்துத் தோட்டத்துக்கு ஒரு வாடகை டிராக்டர் வந்தது. ஓட்டுகிறவன் ஒரு கையில் போனைக் காதில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையின் இரண்டு விரலால் வண்டியைத் திருப்புகிறான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வண்டியை நிறுத்தச் சொல்லி, உழவு ஓட்டும்போது என்ன போன் என்று திட்டினேன். திட்டி முடித்ததும், எப்படி இரண்டு விரலில் திரும்புகிறது என்று கேட்டேன்.

"பவர் ஸ்டீரிங்குங்க அக்கா. உங்க வண்டிக்குங்கூட வெளிய கிட்டு கெடைக்குதுங்க, மாட்டிக்கலாம்" என்றான்.

அவனை இறங்கச் சொல்லி நான் ஏறி உட்கார்ந்து திருப்பிப் பார்த்தேன். இறங்கி நேராக வீட்டுக்குப் போய், கிட் வாங்கப்போகிறேன் என்றேன். வீட்டுக்காரர் தலையைச் சொறிந்தார். அவர் எனக்குத் தெரியாமல், மாட்டுச் சந்தைப் பழக்கத்தில் கொடுமுடிக்காரர் ஒருவரிடம் டிராக்டரைத் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டிருந்தார். வருகிற வெள்ளிக்கிழமை வந்து எடுத்துப்போவதாகப் பேச்சு. அன்று நான் போட்ட சத்தத்தில் தோப்புக் காக்கைகூட உட்காரவில்லை. கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தோம். வெள்ளிக்கிழமைக்குள் கிட் மாட்டிப் பார்ப்பது, தோள் தாங்கினால் வண்டி இருக்கும், தாங்காவிட்டால் நான் வாயைத் திறக்கக் கூடாது.

சிங்காநல்லூரில் ஒரு ஒர்க்‌ஷாப்காரரைப் பிடித்தேன். வியாழக்கிழமை வருகிறேன் என்றவர் வெள்ளிக்கிழமை விடிந்துதான் வந்தார். அதற்கு என்னிடம் ஒரு பாட்டு வாங்கினார். "பண்ணிப்போடலாங்கக்கா" என்றபடியே பழைய ஸ்டீரிங் பெட்டியைக் கழற்றினார். எஞ்சின் பக்கத்தில் ஆயில் பம்பை மாட்டி பெல்ட் போட்டார். முன் சக்கரங்களைத் தள்ளுகிற சிலிண்டரை அச்சில் வைத்தால் தாங்கியின் ஓட்டை பொருந்தவில்லை. வண்டி பழசு, கிட் புதுசு. வேறு ஓட்டை போட்டு முடிப்பதற்குள் வெயில் ஏறிவிட்டது. ஆயில் குழாய்களை மாட்டி முறுக்கியதும், முன்பக்கம் ஜாக்கி போட்டுத் தூக்கி ஒரு தடவை திருப்பிப் பார்க்க வேண்டும் என்றார்.

அப்போதுதான் வீட்டுக்காரர் தட்டோடு வந்தார். தேங்காய், கற்பூரம், எலுமிச்சம்பழம். வண்டியில் ஒரு போல்ட் மாற்றினாலும் அவருக்குப் பூஜை போட வேண்டும். வெள்ளிக்கிழமை ராகு காலம் பத்தரைக்கு. "மொதல்ல எலுமிச்சம்பழத்த ஏத்தி நசுக்கிப்போட்டு, அப்பறம் நீங்க என்ன வேணாப் பாருங்க" என்றார். எனக்கு ராகுவும் கிடையாது கேதுவும் கிடையாது. ஆனால் கொடுமுடிக்காரர் வருவதற்குள் ஓட்டிக் காட்ட வேண்டுமே. நானும் சேர்ந்து அவசரப்படுத்தினேன். ஒர்க்‌ஷாப்காரர் மரியாதைக்காரர், இரண்டு பேர் சத்தம் போட்டதும் ஒதுங்கி நின்றுகொண்டார்.

சக்கரத்துக்கு அடியில் பழம் வைத்தோம். ஏறி உட்கார்ந்து கியரைப் போட்டேன். பழம் நசுங்கியது. தோப்புப் பக்கம் போக வலது கைப்பக்கம் திருப்பினேன். வண்டி இடது பக்கம் திரும்பிக் களத்துக்குள் ஏறியது.

ஆயில் குழாய் இரண்டும் இடம் மாறியிருந்தது என்று பிறகுதான் தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். ஸ்டீரிங் வெண்ணெய் மாதிரி சுழல்கிறது, தோளில் வலி இல்லை. அந்தச் சந்தோஷத்தில் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கால் கிளட்சுக்குப் போகவே இல்லை. எதிரில் வீட்டுக்காரர் கொப்பரையை அள்ளக் கூடையோடு ஓடுகிறார். அவர் மேல் படக்கூடாது என்று நான் ஒரு பக்கம் ஒடிக்க, வண்டி அவர் ஓடுகிற பக்கமே போனது. அவர் மறுபக்கம் பாய்ந்தார். நான் இந்தப் பக்கம் ஒடித்தேன். வண்டி அவரை விடவில்லை. முதல் கியர்தான், நடக்கிற வேகம்தான். ஆனாலும் டிராக்டர் பின்னால் வந்தால் யாருக்கும் வேகம் தெரியாது.

"நிறுத்தம்மிணி, நான் விக்கல. சாமி சத்தியமா விக்கல" என்று கூடையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு ஓடினார். நான் மேலே உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிறேன். எனக்கு நிஜமாகவே கிறுக்குப் பிடித்துவிட்டது என்று அவர் நம்பிவிட்டார்.

வண்டி மட்டைக் குவியலில் மூக்கை நுழைத்த பிறகுதான் கிளட்சை மிதித்தேன். திரும்பிப் பார்த்தால் கேட்டுப் பக்கத்தில் வெள்ளை வேட்டியில் ஒருவர். மத்தியானம் வருவதாகச் சொன்ன கொடுமுடிக்காரர் காலையிலேயே வந்து முழுவதையும் பார்த்துவிட்டார். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் களத்தோரமாக வந்தார்.

"ஏனுங்க, ஊட்டுல சம்மதமில்லீன்னு போன்லயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்களே" என்றார், என் வீட்டுக்காரருக்கு மூச்சு வாங்குவதைப் பார்த்துக்கொண்டே.

ஒர்க்‌ஷாப்காரர் ஸ்பேனரை எடுத்து இரண்டு குழாயையும் மாற்றி மாட்டினார். இந்தத் தடவை ஜாக்கி போட்டுத் தூக்கித் திருப்பிப் பார்த்தார், ராகு காலத்திலேயே. நான் ஏறி, கொப்பரையில் ஒரு துண்டுகூட மிதிபடாமல் களத்தைச் சுற்றி வந்தேன். அடுத்து கொடுமுடிக்காரர் ஏறி ஒரு சுற்று வந்தார். இறங்கும்போது அவர் முகம் மாறியிருந்தது. இப்படியே கொடுத்தால் பேசியதற்கு மேலேயே போட்டுத் தருகிறேன் என்றார்.

எங்கள் பக்கம் வாய்வார்த்தை கொடுத்துவிட்டால் கொடுத்ததுதான். சந்தையில் அந்த வார்த்தையை வைத்துத்தான் வீட்டுக்காரருக்கு மரியாதை. நான் போய் டிராக்டரில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

வீட்டுக்காரர் துண்டால் முகத்தைத் துடைத்தார். என்னை ஒரு பார்வை, அவரை ஒரு பார்வை.

"வண்டி எம்பட பொண்டாட்டிதுங்க. நான் வாக்குக் குடுத்தது தப்புத்தானுங்க. அவ எறங்குனா, நீங்க எடுத்துக்குங்க" என்றார்.

நான் இறங்கவில்லை. கியரைப் போட்டுத் தோப்புக்குள் போய்விட்டேன். உழவெல்லாம் இல்லை, சும்மா ஓட்டினேன். ஒவ்வொரு மரத்தையும் ஒரு சுற்று, இந்தக் கையால் ஒன்று, அந்தக் கையால் ஒன்று. எவ்வளவு நேரம் ஓட்டினேன் என்று தெரியாது. திரும்பி வந்தபோது மூன்று பேரும் எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கொடுமுடிக்காரர் ரசத்தைக் கையில் வாங்கிக் குடித்தபடி, தன் பழைய வண்டிக்கும் இந்தக் கிட் பொருந்துமா என்று ஒர்க்‌ஷாப்காரரிடம் விசாரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "வாங்கம்மிணி, உங்க ஊட்டுக்காரர் இன்னிக்கு ஒரு நாளாச்சும் தெம்பாச் சாப்புடட்டுமுங்க, ஓடிக் களைச்சுட்டாரு" என்றார். எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தது வீட்டுக்காரர்தான்.

தோள் இன்னும் முழுசாகச் சரியாகவில்லை, பனிக் காலத்தில் பிடித்து இழுக்கிறது. ஆனால் போன மழைக்கும் இந்த மழைக்கும் தோப்பை நான்தான் உழுதேன். டாக்டர், சொந்தக்காரர்கள், ஊர்க்காரர்கள் அத்தனை பேரும் இவள் உடம்பு ஆகாது என்றுதான் சொன்னார்களே தவிர, அந்த ஸ்டீரிங் ஆகாது என்று ஒருத்தரும் சொல்லவில்லை. நானே அதை நினைக்கவில்லை. இன்றைக்கு யாரையாவது பார்த்து "உன்னால் இனி முடியாது" என்று யாராவது சொல்வது காதில் விழுந்தால், நான் அந்த ஆளைப் பார்ப்பதில்லை, அவர் இழுத்துக்கொண்டிருக்கிற பாழாய்ப்போன சாமானில் எதைக் கழற்றி மாற்றலாம் என்றுதான் பார்க்கிறேன்.